கைக்குழந்தையின் பகல் தூக்கமும் ராத்தூக்கமும்: வேலூர்ப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்த நாள் முதல் ஒரு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றிய பக்கம் இது. வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து அம்மாக்களும் ஆயாக்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், கீழே சொல்லியிருக்கும் மாதக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தூங்கணும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 3 மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம். பகல் தூக்கமும் ராத்தூக்கமும் சேர்ந்த கணக்கு இது. இடைவெளி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். எதிர்வீட்டுக் குழந்தை 16 மணி நேரம் தூங்குகிறது, நம் குழந்தை 13 மணி நேரம்தான் தூங்குகிறது என்றால், இரண்டும் சரிதான். முழித்திருக்கும்போது முகம் தெளிவாக இருக்கிறதா, பால் நன்றாகக் குடிக்கிறதா, ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, தடுப்பூசி அட்டையில் எடை ஏறுகிறதா? இவை சரியாக இருந்தால் மணிக்கணக்கை விட்டுவிடலாம்.

பகலெல்லாம் தூங்குது, ராத்திரி 12 மணிக்கு முழிச்சுக்கிட்டு விளையாடுது. என்ன செய்றது?

பிறந்த குழந்தைக்கு ராத்திரி எது, பகல் எது என்று தெரியாது. அந்த உடல் கடிகாரம் உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை அதற்கு வெளியிலிருந்து இரண்டு உதவிகள் கிடைக்கின்றன. ஒன்று வெளிச்சம், இன்னொன்று தாய்ப்பால். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு ராத்திரியில் சுரக்கும் பாலில் இருக்கிறது. பகல் பாலில் ஏறக்குறைய இருப்பதே இல்லை. பாலைப் பீய்ச்சி எடுத்து வைக்கும் அம்மாக்கள் பாட்டிலில் நேரத்தை எழுதி வைத்து, ராத்திரிப் பாலை ராத்திரியே கொடுத்தால் நல்லது.

வெளிச்சத்தில்தான் நம் வீடுகள் கோட்டை விடுகின்றன. பச்சை உடம்புக்காரி என்று பகலில் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, அறையை இருட்டாக்கி வைக்கிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலை முடித்தவர்கள் குழந்தையைப் பார்க்க வருகிறார்கள். டியூப்லைட் எரிகிறது, டிவி ஓடுகிறது, குழந்தை கை மாறிக் கை மாறிப் போகிறது. எது பகல் என்று குழந்தை எதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும்?

இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். காலையில் ஜன்னலைத் திறந்து விடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் திண்ணையிலோ வாசலிலோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள். பகலில் தூங்கும்போது மிக்ஸி ஓடட்டும், பாத்திரம் உருளட்டும், யாரும் விரலை உதட்டில் வைக்க வேண்டாம். ராத்திரி எழுந்தால் ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். பால் கொடுங்கள், ஈரமென்றால் துணி மாற்றுங்கள், கொஞ்சிப் பேசாமல் திரும்பப் படுக்க வையுங்கள். செல்போன் வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழ வேண்டாம்.

பகலில் எத்தனை தடவை தூங்க வைக்கணும்?

முதல் இரண்டு மாதம் எண்ணவே எண்ணாதீர்கள். பால், தூக்கம், பால், தூக்கம் என்றுதான் போகும். நாலாவது மாதத்தில் மூன்று அல்லது நான்கு தடவை, ஆறாவது மாதத்தில் மூன்று, எட்டு ஒன்பது மாதத்தில் இரண்டு என்று குறையும். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் மத்தியானத் தூக்கம் ஒன்றோடு நின்றுவிடும்.

இதைவிட உபயோகமான கணக்கு, இரண்டு தூக்கத்துக்கு நடுவில் எவ்வளவு நேரம் முழித்திருக்க முடியும் என்பது. பிறந்த குழந்தைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் (பால் குடிக்கும் நேரமும் இதில் அடக்கம்). மூன்று நாலு மாதத்தில் ஒன்றரை மணி நேரம் சுமாராக. ஆறு மாதத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரம். கடைசியாக எத்தனை மணிக்கு எழுந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்தால், அடுத்த தூக்கம் எப்போது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

தூக்கம் வந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பார்வை ஓரிடத்தில் நிலைக்கும், சிரிப்பு குறையும், புருவத்துக்கு மேல் லேசாகச் சிவக்கும். அடுத்து கொட்டாவி, கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது. முதுகை வளைத்துக்கொண்டு வீறிடுகிறது என்றால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கொட்டாவியைப் பார்த்ததும் படுக்க வைத்தால் பாதி வேலை மிச்சம்.

பகலில் தூங்க விடாமல் வச்சா ராத்திரி அசந்து தூங்குமே?

பெரியவர்கள் தூங்குவோம், குழந்தை தூங்காது. அளவுக்கு மேல் களைத்துப்போன குழந்தைக்கு உடம்பு பரபரப்பாகிவிடும். தூங்க வைக்கவே ஒரு மணி நேரம் ஆகும், தூங்கினாலும் அடிக்கடி எழும்.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல், சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்குப் பிறகும் தூங்கிக்கொண்டிருந்தால் ராத்தூக்கம் தள்ளிப்போகும். அந்தக் கடைசித் தூக்கத்தை மட்டும் சுருக்கலாம். பிறந்த முதல் வாரங்களில் பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்கினால் பாலுக்கு எழுப்பியே ஆக வேண்டும். பிறந்தபோது இருந்த எடையை மறுபடி எட்டும் வரை, சுமார் இரண்டு வாரம், ராத்திரியிலும் இதே கதைதான். மஞ்சள் காமாலை உள்ள குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கும். அதை “சமர்த்துக் குழந்தை” என்று விட்டுவிடக் கூடாது.

அரை மணியில் எழுந்துடுதே, இது ஒரு தூக்கமா?

தூக்கம்தான். குழந்தையின் தூக்கச் சுற்று ஒன்று 45, 50 நிமிடம்தான் இருக்கும். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்ததில் இறங்கத் தெரியாத குழந்தை முழித்துக்கொள்ளும். ஐந்து ஆறு மாதம் வரை இது சகஜம். அசைந்த உடனே தூக்காமல் ஓரிரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், சில சமயம் தானாகவே திரும்பப் போய்விடும். சிணுங்கல் அழுகையாக மாறினால் தூக்கிவிடுங்கள்.

தூக்கத்தில் சிரிக்குது, திடீர்னு உதட்டைப் பிதுக்குது. சாமி பூ காட்டுதா?

ஆயாக்கள் சொல்லும் விளக்கம் அழகாக இருக்கிறது, அதை ஏன் கெடுப்பானேன். உடம்பில் நடப்பது இது: பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கண் இமைக்குள் விழி ஓடுகிற துடிப்பான தூக்கம். அப்போது சிரிப்பு, முனகல், கை கால் உதறல் எல்லாம் வரும். மூச்சுகூட ஐந்து பத்து நொடி நின்று திரும்ப ஓடும். அதைப் பார்த்துப் பயந்து தூக்கினால் தூங்குகிற குழந்தையை நாமே எழுப்பியதாகும்.

தூளியில் போட்டாத்தான் தூங்குது. டாக்டர் வேண்டாம்னு சொல்றாங்க, மாமியார் போடச் சொல்றாங்க.

இந்தப் பக்கத்தில் தூளி கட்டாத வீடு குறைவு. சிலர் ஏணை என்பார்கள். அம்மாவின் பழைய நூல் புடவை, உத்திரத்தில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். வயிற்றுக்குள் இருந்தது போலச் சுருண்டு, அம்மாவின் வாசனையில், அசைவோடு தூங்குவதால் குழந்தை சீக்கிரம் அடங்கும். மாமியார் சொல்வது இந்த அனுபவத்திலிருந்துதான்.

டாக்டர் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. வளைந்து கிடக்கும்போது சின்னக் குழந்தையின் முகவாய் நெஞ்சில் முட்டி மூச்சுக்குழல் மடங்கலாம். துணி முகத்தை மூடலாம். குப்புறத் திரும்பப் பழகிய குழந்தை புடவையில் சிக்கிக்கொள்ளலாம். அதனால்தான் வழக்கமான தூக்கத்துக்கு, மேடுபள்ளமில்லாத, கெட்டியான படுக்கை என்கிறார்கள்.

இரண்டு பேரையும் எதிரிகளாக்காமல் ஒரு வழி இருக்கிறது. பகலில், பக்கத்தில் ஒருவர் முழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தூளி. ராத்திரி அறவே வேண்டாம், ஏனென்றால் பார்த்துக்கொள்ள வேண்டியவரும் தூங்கிவிடுவார். தூளியைத் தரைக்குப் பக்கத்தில் தாழக் கட்டுங்கள், கீழே மடித்த போர்வை ஒன்று கிடக்கட்டும். புடவையின் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே கட்டை வையுங்கள். முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நைலான், சில்க் புடவை வழுக்கும், காற்றும் போகாது. கொக்கியையும் முடிச்சையும் வாரம் ஒரு தடவை பெரியவர் ஒருவர் இழுத்துப் பார்க்கட்டும். மூத்த பிள்ளை வேகமாக ஆட்டிச் சுவரில் இடித்துவிடும், அந்தப் பொறுப்பை அதனிடம் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதே விதிகள்தான். மேலும் கீழுமாகக் குலுங்குகிற அளவுக்கு ஆட்டக் கூடாது.

குழந்தை குப்புற விழ ஆரம்பித்ததும், பெரும்பாலும் ஐந்தாவது மாதம் சுமாருக்கு, தூளியை அவிழ்த்துவிடுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் வீடே அழும். முதலில் கண் சொக்கும் வரை ஆட்டி, ஆட்டத்தை நிறுத்தி, தூளியிலேயே தூங்கப் பழக்குங்கள். சில நாள் கழித்து, சொக்கியதும் எடுத்துப் பாயில் கிடத்தி மார்பில் கையை வைத்துக்கொண்டிருங்கள். பிறகு பாயிலேயே ஆரம்பியுங்கள். முதல் பகல் தூக்கத்தில் இதைச் செய்தால் சுலபம். சாயங்காலம் களைத்த குழந்தையிடம் புதுப் பாடம் எடுபடாது.

எப்படிப் படுக்க வைக்கணும்? கடுகுத் தலையணை வைக்கலாமா?

ஒரு வயது வரை, ஒவ்வொரு தூக்கத்துக்கும், மல்லாக்கப் படுக்க வையுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று 1992-ல் சொன்னது. அதற்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் அந்நாட்டில் தூக்கத்திலேயே நிகழும் திடீர் சிசு மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. பெரும்பாலும் ஒரு பழக்கத்தை மாற்றியதாலேயே இவ்வளவு உயிர் பிழைத்தது பெரிய விஷயம். தானாகவே இரண்டு பக்கமும் உருளத் தெரிந்த பிறகு, உருண்டபடி தூங்கினால் விட்டுவிடலாம்.

தரையில் விரித்த பாயும் அதன்மேல் இறுக்கமாக விரித்த நூல் துணியும் குழந்தைக்கு நல்ல படுக்கை. மெத்தென்று அமுங்கும் இலவம்பஞ்சு மெத்தையில் முகம் புதைந்துவிடும். தலை உருண்டையாக வரும் என்று விற்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம், எந்தத் தலையணையும் வேண்டாம். தலை தட்டையாகிறது என்று கவலையாக இருந்தால், முழித்திருக்கும்போது உங்கள் கண் முன்னால் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தினம் ஒரே பக்கம் தலை திரும்பாதபடி, படுக்க வைக்கும் திசையை மாற்றுங்கள்.

குழந்தை தனிப் பாயில், அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில், அதே அறையில் தூங்குவது பாதுகாப்பு. ஒரே படுக்கையில் படுத்தால் அம்மாவின் பக்கவாட்டில் மட்டும், நடுவில் வேண்டாம். பக்கத்தில் பெரியவர்களின் தலையணை, கம்பளி எதுவும் நெருங்கக் கூடாது. வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர், குடித்திருப்பவர் யாரும் குழந்தையின் படுக்கையில் படுக்கக் கூடாது. எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்குத் தனிப் படுக்கைதான். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கிப்போவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அப்பாக்கள் கவனிக்க.

வேலூர் வெயிலில் மத்தியானத் தூக்கம் எப்படி வரும்?

ஏப்ரல் மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. கத்திரி நடக்கும் நாட்களில் ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடுகளில் மத்தியானம் பெரியவர்களாலேயே உட்கார முடியாது. அப்போது தூக்கத்தின் கனத்தைக் காலைக்கு மாற்றுங்கள். விடிகாலையில் எழுந்து, எட்டரை ஒன்பதுக்குள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டால், குளித்த அசதியில் வரும் தூக்கம்தான் அன்றைய நீளமான தூக்கம். வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முன் அது முடிந்துவிடும். மத்தியானத் தூக்கம் சின்னதாக இருந்தால் இருக்கட்டும். கீழ்ப்போர்ஷன் வீட்டில் இடம் கிடைத்தால் அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டுப் பாருங்கள். மொட்டைமாடியில் தண்ணீர் தெளிப்பது, ஜன்னலில் ஈரத்துணி கட்டுவது எல்லாம் கொஞ்சம் உதவும். கூலர் வைத்தால் எதிர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை புழுங்கும்.

ஃபேன் போட்டால் சளி பிடிக்காது. சளி கிருமியால் வருவது, காற்றோட்டம் குழந்தைக்கு நல்லதே. ஏசி இருந்தால் 25, 26-ல் வையுங்கள். மே மாதத்தில் குல்லா, சாக்ஸ், கம்பளி மூன்றையும் மாட்டிவிட்டு “ஏன் அழுகுதுன்னே தெரியல” என்பவர்களை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்துச் சூடாக இருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். உள்ளங்கை சில்லென்று இருப்பது குளிருக்கு அடையாளமல்ல.

எவ்வளவு வெயிலாக இருந்தாலும் ஆறு மாதம் வரை தண்ணீர் கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும், தண்ணீர் குடிக்க வேண்டியது அம்மாதான். வேர்க்குருவுக்காகப் பவுடரைக் கொட்டினால் அது மூச்சில் ஏறும். நூல் துணியும் குளியலும் போதும்.

பகலில் கொசுவலை தேவையா?

தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கிறது. குடை மாதிரி விரிகிற சின்ன வலை போதும், ஓரம் மடிந்து முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் வேண்டவே வேண்டாம். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் தலையைக் காட்டுவதும் இதே கணக்கில்தான் வரும். புகை எந்த வாசனையாக இருந்தாலும் அந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகைதான்.

ராத்திரி தூங்க வைக்க ஏதாவது முறை இருக்கா?

இருக்கிறது. அதில் மணியைவிட வரிசை முக்கியம். தினம் ஒரே செயல்கள், ஒரே வரிசையில், அரை மணிக்குள் நடந்து, விளக்கணைப்பில் முடிய வேண்டும். ஒவ்வொன்றும் நடக்கும்போதே அடுத்தது என்ன என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். அந்தத் தெரிதல்தான் அதை அடக்குகிறது.

2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 7 மாதம் முதல் 3 வயது வரையிலான பிள்ளைகளின் தாய்மார் 405 பேர் பங்கெடுத்தார்கள். வரிசையைப் பின்பற்றச் சொன்ன தாய்மாருக்குக் கொடுத்தது மூன்றே படிகள்: குளியல், உடம்பு பிடித்துவிடல், பிறகு தாலாட்டு மாதிரி அமைதியான ஒன்று. இரண்டு வாரத்தில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கின, ராத்திரி எழுவது குறைந்தது, அம்மாக்களின் மனநிலையும் தேறியது. எண்ணெய்க் குளியல், கால் நீவல், தாலாட்டு எல்லாம் நமக்குப் புதிதா? நம் வீட்டில் மூன்றும் இருக்கின்றன. ஆனால் குளியல் காலையில், நீவுவது குளிப்பாட்ட வரும் அம்மா வருகிற நாளில், தாலாட்டு தோன்றியபோது என்று சிதறிக் கிடக்கின்றன. சாயங்காலத்துக்கு ஒரு சின்ன வரிசையைக் கட்டினால் போதும்.

ஒரு வீட்டுக்கு இப்படி இருக்கலாம்: ஏழே காலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து முகம், கை, கால், இடுக்கு துடைப்பது (காலையில் குளிப்பாட்டியாகிவிட்டது, மறுபடி தலைக்கு ஊற்ற வேண்டாம்). ஒரு சொட்டு தேங்காயெண்ணெயில் உள்ளங்காலையும் முதுகையும் நீவுவது. ராத்திரிக்கென்று வைத்த நூல் சட்டை. விளக்கைக் குறைப்பது. பால், ஏப்பம். தோளில் சாய்த்து ஒரே தாலாட்டு, தினமும் அதே. கண் சொக்கியதும், முழுக்கத் தூங்கிப்போவதற்கு முன், பாயில் கிடத்துவது. குரல் நன்றாக இல்லையே என்று செல்போனில் பாட்டுப் போட வேண்டாம். குழந்தைக்குச் சுருதி பற்றிக் கவலையில்லை.

மூன்று மாதத்துக்கு முன் இதைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஆறாவது எட்டாவது வாரத்திலேயே ஆரம்பித்துவிடலாம், பழக்கம் உங்களுக்கும் வேண்டுமே. அப்பா செய்தாலும் ஆயா செய்தாலும் அதே வரிசை என்று வீட்டில் பேசி வையுங்கள். யார் கை என்பது மாறலாம்.

ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கணும்? எங்க வீட்டில் பத்து மணிக்குத்தான் அடங்கும்.

17 நாடுகளை ஒப்பிட்டு 2010-ல் வெளியான ஆய்வில், நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக 7:27-க்கும் ஹாங்காங் குழந்தைகள் 10:17-க்கும் தூங்கப் போனார்கள். ஆகவே உலகத்துக்கெல்லாம் ஒரே மணி என்று இல்லை. ஆனாலும் நம் ஊரில் வருடம் முழுக்க ஆறரை மணி சுமாருக்கு இருட்டிவிடுகிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏழரையிலிருந்து எட்டரைக்குள் முடிந்தால் நல்லது. சீரியல் முடியட்டும் என்று காத்திருந்தால் பத்து ஆகும். ஒரே அறை வீடு என்றால் டிவியை அணைக்க வேண்டும் என்று சண்டை போட வேண்டாம். சத்தத்தைக் குறைத்து, குழந்தைக்கும் திரைக்கும் நடுவில் ஒரு புடவையைத் தொங்கவிடுங்கள். குழந்தைக்கு இடைஞ்சல் செய்வது சத்தத்தைவிட வெளிச்சம்தான். குடியாத்தத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே அசந்து தூங்கும் குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

எங்க காலத்துல ஜாதிக்காய் உரசிக் கொடுத்தா ராத்திரி முழுக்கத் தூங்கும். இப்போ ஏன் கூடாதுங்கறீங்க?

ஆயா, நீங்கள் கொடுத்து ஒன்றும் ஆகாத குழந்தைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கல்லில் எத்தனை சுற்று உரசினால் எவ்வளவு இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜாதிக்காய் தூக்கம் தருவது அதிலுள்ள மயக்கப் பொருளால். அளவு தாண்டினால் குழந்தை மயங்கும், வலிப்பு வரலாம், மூச்சு தடுமாறலாம். வசம்பும் அப்படியே. கையில் வளையலாகக் கட்டினால்கூடக் குழந்தை வாயில் வைத்துச் சப்பும். உரமருந்தில் (கல்லில் உரசிக் கொடுக்கும் நாட்டு மருந்து) இவை எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. உரசும் கல்லிலும் பாலாடையிலும் ஒட்டியிருக்கும் கிருமி வேறு.

தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டும் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளரச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். கிரைப் வாட்டரால் பயன் இல்லை. சளி மருந்து கொடுத்தால் தூங்குகிறது என்று கடையில் கேட்டு வாங்குவது மிக மோசமான பழக்கம். தூங்க வைப்பதற்கென்று எந்த மருந்தும் கைக்குழந்தைக்குக் கிடையாது.

உங்கள் கையில் வேறு மருந்து இருக்கிறது, ஆயா. உங்கள் மடியும் தாலாட்டும். அந்தச் சாயங்கால வரிசையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆனா ரெண்டு மூணு மணி நேரம் வீறிட்டு அழுது. உரம் விழுந்திருக்குன்னு சொல்றாங்க.

நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் குழந்தை, சாயங்காலங்களில் காரணம் தெரியாமல் அழுவது இரண்டாவது வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக நிற்கும். உரம் எடுக்கிறேன் என்று புடவையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும் குழந்தைக்கு ஆபத்து. மூன்றாவது மாதத்தில் எடுத்தவர்களுக்கெல்லாம் “எடுத்ததும் நின்னுடுச்சு” என்று தோன்றும், எடுக்காவிட்டாலும் அப்போது நின்றிருக்கும்.

தோளில் போட்டு நடங்கள், அறையை மங்கலாக்குங்கள், சும்மா ஒரே சீராக “ஷ்ஷ்” என்று சொல்லிக்கொண்டிருங்கள். கை ஓய்ந்து எரிச்சல் வந்தால் குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வாசலுக்குப் போய் வாருங்கள். எந்தக் கோபத்திலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது. மூளையில் ரத்தம் கசிய அந்தச் சில நொடிகள் போதும்.

நல்லா தூங்கிட்டிருந்த குழந்தை நாலாம் மாசத்தில் திரும்பவும் மணிக்கொரு தடவை எழுது. கண்ணு பட்டிருக்குமா?

சுற்றிப் போடுவதில் நஷ்டமில்லை, ஆனால் காரணம் அதுவல்ல. அந்த வயதில் தூக்கத்தின் அமைப்பே மாறிப் பெரியவர்களின் தூக்கம் போல ஆகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக முழிப்பு தட்டும். மாலை வரிசையை விடாமல் பிடித்திருங்கள், சில வாரத்தில் சரியாகும்.

ராத்திரிப் பாலை எப்போ நிறுத்தலாம்?

ஆறு மாதம் வரை அந்த எண்ணமே வேண்டாம். அதற்குப் பிறகும் ஒரு தடவை, இரண்டு தடவை கேட்பது சகஜம். குழந்தை பகலில் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் தானே குறையும். ராத்திரி ராகிக் கூழைக் கெட்டியாகக் கொடுத்தால் முழுக்கத் தூங்கும் என்பது நம்பிக்கைதான். பல் முளைத்த பிறகு பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்க விட்டால் பல் சொத்தையாகும்.

அழவிட்டுப் பழக்கலாமா?

ஆறு மாதத்துக்குள் கூடாது. அதற்குப் பிறகு, சில நிமிட இடைவெளி விட்டுப் போய்த் தட்டிக்கொடுக்கும் முறை சில குடும்பங்களுக்குப் பலன் தருகிறது. ஆனால் ஒட்டுக் குடித்தன வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கும்போது, பத்து நிமிட அழுகைக்கு மூன்று பேர் கதவைத் தட்டுவார்கள். பக்கத்திலேயே படுத்துத் தட்டிக்கொடுத்து, தட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நம் வீடுகளுக்கு ஏற்றது என்பது என் எண்ணம்.

தடுப்பூசி போட்ட அன்று?

6, 10, 14-வது வார ஊசிக்குப் பிறகு அன்றும் மறுநாளும் கூடுதலாகத் தூங்கலாம், சிணுங்கலாம், காய்ச்சலும் வரலாம். செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுங்கள், தூங்கினால் தூங்கட்டும், பாலுக்கு மட்டும் எழுப்புங்கள். அன்றைக்கு எந்த ஒழுங்கும் வேண்டாம். அதே நாளில் வயிற்றுப்போக்கைத் தடுக்க வாயில் விடும் ரோட்டா சொட்டு மருந்தில் இந்தியாவில் உருவான ரோட்டாவாக் ஒன்று. அதன் பெரிய சோதனை நடந்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று, இந்த ஊர்க் குழந்தைகளுக்கும் அதில் பங்குண்டு.

ஷூ கம்பெனி வேலைக்குத் திரும்பணும். பகல் தூக்கம் என்ன ஆகும்?

முதலில் சட்டம் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அங்கே ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளையும் உண்டு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இதைக் கேட்டு வாங்காத பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கேளுங்கள்.

வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே, பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் கையில் தூங்கப் பழக்குங்கள். அம்மா வீட்டில் இருந்தாலும் அந்த ஒரு தூக்கம் அவருடையது. மார்பிலேயே தூங்கிப் பழகிய குழந்தைக்கு இதுதான் கஷ்டமான மாற்றம். வேலைக்குப் போன முதல் வாரங்களில் பகலில் குறைவாகக் குடித்து, அம்மா வந்ததும் ராத்திரி முழுக்கப் பால் கேட்கும் குழந்தைகள் உண்டு. களைப்புதான், ஆனாலும் பால் வற்றாமல் இருக்க அது உதவும்.

வீட்டிலேயே பீடி சுற்றும் அம்மாக்களுக்கு: முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். புகையிலைத் தூள் காற்றில் பறக்கும், துணியில் படியும். குழந்தை தூங்கும் இடமும் சுற்றும் இடமும் வேறாக இருக்கட்டும். பால் கொடுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேல் துணியையும் மாற்றுங்கள்.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

எழுப்பினாலும் சரியாக எழாமல் துவண்டு கிடந்தால். இரண்டு வேளை தொடர்ந்து பால் குடிக்காவிட்டால். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை தூங்கும்போதே நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், எந்த வயதிலும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால். உதடு நீலம் பாரித்தால், மூச்சு 20 நொடி நின்றால். இவற்றுக்கு விடியும் வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். தினமும் குறட்டை விட்டுத் தூங்கினால் அவசரமில்லை, ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள். சின்னச் சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது, ஊரில் கிராம சுகாதார செவிலியரும் இருக்கிறார்.

மொட்டை போட, கல்யாணத்துக்கு என்று ஊருக்குப் போனால்?

பைக்கில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தூங்கும் குழந்தையை வேலூர் ரோடுகளில் தினமும் பார்க்கிறோம். தலை ஆடும், முகம் துணியில் அழுந்தும், சடன் பிரேக்குக்கு யார் பொறுப்பு? பஸ்ஸும் ரயிலும் மேல். பகல் தூக்க நேரத்தில் கிளம்பினால் வழியிலேயே ஒரு தூக்கம் முடிந்துவிடும். பஸ் ஸ்டாண்டுகளில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன, பூட்டியிருந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள்.

போகிற இடத்துக்கு வீட்டுப் பாயையும் ராத்திரிச் சட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் மேளம் கொட்டினாலும், எட்டு மணிக்கு ஓரமான அறை ஒன்றில் முகம் துடைத்து, கால் நீவி, அதே தாலாட்டைப் பாடிப் பாருங்கள். “குழந்தையை எங்கே காணோம்” என்று கேட்கும் அத்தைகளுக்குக் காலையில் காட்டிக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் இரண்டு மூன்று நாள் தூக்கம் தாறுமாறாக இருக்கும். புதிதாக எதையும் முயற்சி செய்யாமல் பழைய வரிசையையே தொடருங்கள்.